நட்சத்திரக் குறிக்குப் பின்னால் போட்ட பூட்டு

துணி துவைக்கும் மெஷினில் இருந்த ஆங்கிலம் அக்காவுக்குப் படிக்க வராது. ஐந்தாவதோடு நின்றவள். ஒருநாள் பார்த்தால், ஒவ்வொரு பொத்தானுக்குக் கீழும் தமிழில் எழுதிய துண்டுத்தாள் ஒட்டியிருந்தது. ஒட்டிய தம்பி அதைப்பற்றி வாயே திறக்கவில்லை.

அவளோடுதான் அவன் குடியிருந்தான். கல்யாணம் கூடிவரவில்லை. ஆஸ்பத்திரியில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் கருவிக்கு புரோகிராம் எழுதுகிற வேலை. சாயங்காலம் வந்தால் பிழிந்துபோட்ட துணி மாதிரி சுவரோரம் சாய்வான்.

அந்த வாரம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கருவியைச் சோதித்தபோது குழந்தைகளுக்கான மருந்தளவு மாறியிருந்ததாம். ஆண்டவன் புண்ணியத்தில் அது இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பழி புதிதாகச் சேர்ந்த பெண்ணின் தலையில் விழுந்தது. வெள்ளிக்கிழமை அவளை அனுப்பிவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார்.

"அந்தப் பொண்ணு மாத்துச்சா இல்லையா?" என்றாள் அக்கா.

"மாத்துச்சு. மாத்த விட்டது நான்."

மருந்தளவுகளை வரிசையாக அடுக்கிய அட்டவணை அவன் செய்தது. இன்னொருவர் எழுதும் பகுதிக்கு அதைக் கொடுத்தால் அட்டவணையின் நகல் போகாதாம். அது இருக்கும் இடத்தைக் காட்டும் பாயிண்டர்தான் போகுமாம். பாயிண்டர் என்பதற்கு அடையாளமாக ஒரு நட்சத்திரக் குறி போடுவார்களாம். கை வைத்தால் அசலில்தான் படும். அதனால் 'கான்ஸ்ட்' என்றொரு சொல்லால் பூட்டுவார்கள். நட்சத்திரக் குறிக்கு முன்னால் போட்டால் அளவுகளுக்குப் பூட்டு. பின்னால் போட்டால் பாயிண்டருக்கு மட்டும். அசதியில் இவன் பின்னால் போட்டிருந்தான்.

"அலமாரியைக் காட்டுற விரல் நகராது. உள்ள இருக்கிறதை யார் வேணா மாத்தலாம். ஒழுங்காப் போட்டிருந்தா, அவ எழுதினப்பவே கம்ப்யூட்டர் தடுத்திருக்கும்க்கா."

அக்காவுக்குப் பாதி புரிந்தது, பயம் முழுசாக வந்தது. பேசாமல் இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டுவிட்டாள். அன்று பிரார்த்தனைக்கு உட்கார்ந்தவளுக்கு வாய் வரவில்லை.

வியாழக்கிழமையே அவன் போய் ஒப்புக்கொண்டான். அந்தப் பெண்ணுக்கு வேலை நிலைத்தது, இவனுக்குப் போனது. தூரத்து ஊரொன்றில் குறைந்த சம்பளத்துக்கு வேறு இடம் கிடைத்தது.

பஸ் நிலையத்தில் அக்கா புலம்பித் தீர்த்தாள். இத்தனை வருஷ உழைப்பை ஒரு சொல்லுக்காக வாரிக்கொடுத்துவிட்டாயே என்றாள். அன்றைக்குப் பிறகு அவனை உயிரோடு பார்க்க அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவன் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே சொன்னான்:

"பூட்டியிருக்குன்னு நான் எழுதி வெச்சதை நம்பி, தப்புன்னா அது தடுக்கும்னுதானக்கா அவ கை வெச்சா. அவளை எப்படிப் போகச் சொல்றது? அசதியா இருக்கு, பஸ்ல தூங்கிக்கிறேன். நீ நிக்காதே, வீட்டுக்குப் போ."