சீர்க்காளையை விற்றவர்

என் தங்கை செல்லத்தாயை அவனியாபுரத்துக் கருத்தக்கண்ணனுக்குக் கட்டிக்கொடுத்தபோது, சீரோடு ஒரு காளைக்கன்றையும் ஓட்டி அனுப்பினேன். பிள்ளையில்லாத வீட்டில் அதுதான் பிள்ளை. அவளைத் தவிர யாரையும் அண்டவிடாது.

யுத்தத்தின்போது ஏரோப்ளேன் இறங்குவதற்கென்று சர்க்கார் மாப்பிள்ளையின் நிலத்தை எடுத்துக்கொண்டது. விடியுமுன் மாடு பூட்டிக் கிணற்றில் கமலை இறைக்கப் போன மனுஷனுக்கு, அதன்பின் விடிந்தால் என்ன செய்வதென்றே தெரியவில்லை. வேறு நிலம் வாங்கலாம் என்று தங்கை கெஞ்சினாள். அவர் தினமும் டவுனுக்குப் போய்க் கடை கடையாக ஏறி இறங்கினார். போக ஒரு வேலையில்லாதவருக்குக் கைக்கடிகாரம் வந்தது. பூட்ஸ் வந்தது, டார்ச் லைட் வந்தது. எதுவும் ஒரு வாரம் தாங்காது. சர்க்கார் கொடுத்த பணம் கரைந்த பிறகு கிராமபோன் மேல் கண் விழுந்தது.

மார்கழியில் காளையைக் கேட்டார். "உசிலம்பட்டியில பசுவுக்கு விடக் கேக்குறாக. பொங்கலுக்குள்ள கொண்டாந்துர்றேன்." செல்லத்தாயே அதைப் பிடித்துக்கொண்டு ஊர் எல்லைவரை போனாள். அடுத்த வாரம் கிராமபோன் வந்தது. சிநேகிதர் கொடுத்தது என்றார். நாங்களும் நம்பித் தொலைத்தோம்.

பொங்கலன்று அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு. பொங்கல் சீரோடு நானும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். வாடிவாசலில் அவிழ்த்துவிட்ட உள்ளூர்க் காளை, யாரிடமும் பிடிபடாவிட்டால் நேரே தன் வீட்டுக்கு ஓடிவிடும். மத்தியானம் எங்கள் காளை புழுதியோடு வாசலில் வந்து நின்றது. செல்லத்தாய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். பின்னாலேயே விருமாண்டி என்ற உசிலம்பட்டிக்காரர் கயிற்றோடு மூச்சிரைக்க வந்தார்.

"நான் வாங்கி ஒரு மாசமாச்சு தாயி. இன்னைக்கு வாடியில அவுத்துவிட்டேன், நேரா இங்க ஓடியாந்துருச்சு. கிட்டக்கவே விடமாட்டேங்குது. நீயே கட்டிக் குடுத்துரு."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கயிற்றை வாங்கினாள். காளை தலையைத் தாழ்த்திக் கொடுத்தது. தண்ணீர் காட்டக் கூட்டிப்போகிறாள் என்று நினைத்திருக்கும், தெருமுனைவரை அவளை உரசிக்கொண்டே நடந்தது.

திரும்பி வந்து, "என்னைய நம்பி ஓடியாந்துச்சுண்ணே. நானே பிடிச்சுக் குடுத்துட்டேன்" என்றாள்.

நான் மாப்பிள்ளை பக்கம் திரும்பினேன். "அந்தக் கிராமபோன் பாட்டாச்சும் நல்லா இருந்துச்சா மாப்ள?"

"ரெண்டு நாளு நல்லாத்தான் இருந்துச்சு மச்சான்."

கையை ஓங்கிவிட்டேன். அவரை நான் ஒரு வார்த்தை சொன்னாலே குறுக்கே வந்து நிற்கும் செல்லத்தாய், அன்று இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.