நகராத குண்டு

கோடை வந்துவிட்டால் வில்மா ஹாஸ்கெட்டை வீட்டில் பார்க்க முடியாது. அலாஸ்காவின் அந்தச் சிறு துறைமுக ஊரில், ஓடைகளில் ஏறிவரும் சால்மன் மீன்களை எண்ணுவது அவள் வேலை. முழங்கால் நீரில் நடப்பாள். மீன் வரும் இடத்துக்குக் கரடியும் வரும் என்பதால் இடுப்பில் ரிவால்வர் தொங்கும். தோட்டாக்களையும் அவளே தயாரிப்பாள்: பழைய கார் சக்கரங்களில் சமநிலைக்காக மாட்டும் ஈயக்கட்டிகளை உருக்கி அச்சில் வார்ப்பாள், பித்தளைக் கூட்டில் வெடிமருந்திட்டுக் குண்டைச் செருகுவாள்.

போன ஆகஸ்டில் ஓடை வளைவில் ஒரு பெண் கரடி எதிர்ப்பட்டது. விரட்டுவதற்காக மண்ணில் இரண்டு முறை சுட்டாள். அது அசையவில்லை. மூன்றாம் முறை விசையை இழுத்தபோது, ஆறு தோட்டாக்கள் அடங்கிய உருளை சுழல மறுத்தது. கரடி எதையோ யோசித்ததுபோல் நின்றுவிட்டு, தானாகவே புதருக்குள் போயிற்று. அன்று வில்மா ஈர பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தப்பு அவளுடையதுதான். எடை கூடிய குண்டுக்கென்று புது அச்சு வாங்கியவள், கூட்டின் வாயைக் குண்டின் மேல் மடித்து இறுக்கும் இடத்தில் கையை இளக்கிவிட்டாள். இறுக்கி மடித்தால், திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பித்தளைக் கூடு சீக்கிரம் கீறல் விடும் என்ற சிக்கனம். சுடும்போது துப்பாக்கி உதைத்த ஒவ்வொரு உதைப்புக்கும் மிச்சத் தோட்டாக்களின் கனத்த குண்டுகள் கூட்டைவிட்டு நழுவின. அதில் ஒன்றின் மூக்கு உருளைக்கு வெளியே நீட்டித் துப்பாக்கியின் சட்டத்தில் முட்டி, உருளையைச் சுழலவிடாமல் நிறுத்திவிட்டது.

இந்த ஜூனில் மறுபடி ஓடைக்குக் கிளம்ப நின்றாள். படகு எஞ்சின் பழுதுபார்க்கும் அவள் கணவன் எம்மெட் தலையை நிமிர்த்தாமல் சொன்னான்.

"இந்த வருஷம் டப்பாவுல அடைச்ச மீன எண்ணேன். அதத் தேடிக் கரடி வராது."

"கரடி மேல பழி போடாத எம்மெட். கஞ்சத்தனம் பண்ணது நானு."

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். ஊருக்கு வெளியே சரளைக்குழியில் ஐந்து தோட்டா சுடுவது; சுடாத ஆறாவதை எம்மெட் தன் அளவுகோலால் அளப்பது. குண்டு நகராதிருந்தால் அவள் போகலாம்.

முதல் தடவை மயிரிழை நகர்ந்திருந்தது. எம்மெட் தோட்டாவை அவள் உள்ளங்கையில் வைத்தான். அதுவே போதுமாக இருந்தது. வில்மா கொட்டகைக்குத் திரும்பி, மடிப்பை இன்னும் ஆழமாக இறக்கி, எல்லாத் தோட்டாக்களையும் புதிதாகச் செய்தாள்.

சனிக்கிழமை தூறலில் மறுபடி சுட்டாள். எம்மெட் ஆறாவதை அளந்தான். சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி அளந்தான். தோற்க மனமில்லாதவன்போல் திருப்பிப் பிடித்தும் பார்த்தான்.

"நகரல," என்றான். அளவுகோலைப் பைக்குள் போட்டபடி, "ஆனா இப்படி மடிச்சா கூடெல்லாம் சீக்கிரம் கிழிஞ்சிரும்."

"கிழியட்டும்."

தோட்டாவை அவளிடம் நீட்டினான். மழைக்குள்ளிருந்து கடற்பறவைகளின் இரைச்சல் கேட்டது. ஓடை முகத்துவாரத்தின் மேல் அவை வட்டமிட்டுக்கொண்டிருந்தன. மீன் வந்துவிட்டது.

"நாளைக்கு ரொட்டிக்குள்ள மான்கறி வச்சுத் தரவா?" என்றான் எம்மெட்.

"வெங்காயம் நெறைய வை," என்றாள் வில்மா.