வேனுக்கு ஒரு பேட்டரி கமிட்டி

என் கணவர் மத்திய அரசில் அதிகாரி. வீட்டுக்குச் சுத்தியல் வாங்குவதென்றாலும் நாலு பேரை உட்காரவைத்துப் பேசாமல் வாங்கமாட்டார். அப்படிப்பட்ட மனுஷர் பழைய பள்ளிக்கூட வேன் ஒன்றை ஏலத்தில் எடுத்து, உள்ளே கட்டில் போட்டு, கூரையில் சோலார் பேனலும் பொருத்தினார். எங்கள் பெண்ணுக்குப் புனேயில் வேலை கிடைத்திருந்தது. ஜூலையில் கிளம்பிவிடுவாள். அதற்குள் மூன்று பேரும் மலைக்குப் போய், பனியைப் பார்த்து, வேனிலேயே தூங்கி எழுந்து வருவதாகத் திட்டம். இனிமேல் அவள் லீவு போட்டுத்தான் எங்களைப் பார்க்க வருவாள். அதனால் அந்த ஓட்டை வேனை நான் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை.

பாக்கி இருந்தது, ராத்திரி விளக்குக்காக சோலார் கரண்டைச் சேர்த்துவைக்கிற பேட்டரி ஒன்றுதான். கார் பேட்டரி வண்டியைக் கிளப்பத்தான் லாயக்கு. தினமும் விளக்குப் போட்டு வற்றவிட்டால் செத்துப்போகும். அதையெல்லாம் இன்வெர்ட்டருக்குப் போடுகிற டியூபுலர் பேட்டரிதான் தாங்கும். கரண்ட் போய்ப் போய் வருகிற டில்லியில் இது எந்தக் குடும்பத் தலைவிக்கும் தெரியும். என்னை யாரும் கேட்கவில்லை.

டில்லியின் துவாரகா பகுதியில் எங்கள் ஃபிளாட் ஹாலில் ஞாயிற்றுக்கிழமை தோறும் கமிட்டி கூடியது. வந்த மூன்று பேருமே தமிழர்கள், இவருடைய சிநேகிதர்கள். ரயில்வேக்காரர், ரயில் பெட்டிக்கு அடியில் தொங்குகிற பேட்டரிதான் பேட்டரி என்றார். டெலிபோன்காரர் எக்ஸ்சேஞ்சில் வைக்கும் ஆளுயர பேட்டரியைச் சிபாரிசு செய்தார். இடம் போதாவிட்டால் கட்டிலை எடுத்துவிடலாமாம். ராணுவத்தில் இருந்தவர் லாரி பேட்டரிக்குக் கீழே இறங்கவே இல்லை. பேட்டரி போய், அவரவர் இலாகாவின் மானம் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேன்.

மலையில் ஃபேன் தேவையா என்று விவாதித்தே மே மாதம் தீர்ந்தது.

பெண் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டே விட்டாள். "அப்பா, ஒரு டார்ச் எடுத்துக்கிட்டுக் கெளம்பலாம்பா. ஜல்தி."

"அவசரப்பட்டு வாங்கினா நாளைக்கு ஆடிட்ல பதில் சொல்லணும்மா" என்றார். வீட்டில் ஆடிட் நான்தான் என்பது அவருக்கு மறந்துவிட்டது.

எனக்கு வந்த கோபத்தில் மனாலி பஸ்ஸுக்கு மூன்று டிக்கெட் எடுத்தேன். பயணத்தின்போது வருகிற ஞாயிற்றுக்கிழமைதான் கமிட்டி இறுதி முடிவு எடுக்கிறதாம். நீங்கள் போய்வாருங்கள், அப்புறம் வேனில் எல்லோருமாகப் போகலாம் என்று இவர் சொல்லிவிட்டார். அவருடைய டிக்கெட்டை ரத்து செய்துவிட்டுக் கிளம்பினோம்.

மனாலிக்கு மேலே, கணவாயில், ஜூன் மாதத்து அழுக்குப் பனியை உருட்டிப் பெண் என் முதுகில் எறிந்தாள். வயிறு வலிக்கச் சிரித்தேன். அவள் அந்தப் பக்கம் திரும்பியபோது கொஞ்சம் அழவும் செய்தேன்.

திரும்பி வந்தபோது ஹாலில் கமிட்டி உட்கார்ந்திருந்தது. ஒருமனதாக டியூபுலர் பேட்டரியைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அது யாருடைய இலாகாவையும் சேராததுதான் காரணம்.

கணவர் பெண்ணின் கேமராவை வாங்கி ஒவ்வொரு படமாகப் பார்த்தார். பனியில் நாங்கள் இருவரும் நிற்கிற படத்தில் வெகுநேரம் நின்றுவிட்டார்.

"வேன் ரெடியா இருந்திருந்தா நானும் வந்திருப்பேன்" என்றார்.

"வேன் யாருக்குங்க வேணும்? நீங்க வந்திருந்தாப் போதும்."