ஸ்டெல்லா வாங்கிய டார்க் ரென்ச்

போன சனிக்கிழமை பொன்னேரியில் ஒரு டூல்ஸ் கடை. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா கடைக்காரரை ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தார். துணைக்குப் போன எனக்கு வேடிக்கை பார்க்கவே நேரம் போதவில்லை. அவ்வளவு சுவாரஸ்யம்!

வாங்க வந்தது டார்க் ரென்ச். போல்ட் எவ்வளவு இறுகுகிறது என்று அளந்து காட்டும் ஸ்பேனர். எங்கள் கடலோர ஊரான தோணிரேவில் மீன் விற்கும் வீட்டுக்கு அது எதற்கு என்கிறீர்களா?

ஸ்டெல்லாவுக்குப் பிழைப்பே பைக்தான். விடிந்ததும் ஐஸ் பெட்டியில் இறால் ஏற்றி மார்க்கெட்டுக்குப் போயாக வேண்டும். இன்ஜினுக்கு அடியில் ஆயில் வடிக்கிற போல்ட் இருக்கிறதே - அதை ஒரு மெக்கானிக் வெறியோடு முறுக்கி மரையைக் காலி செய்துவிட்டார். எப்படியோ புது மரை போட்டாயிற்று. இன்னொரு முறை போனால் இன்ஜினையே இறக்க வேண்டுமாம். அதுவரை இறாலை யார் கொண்டுபோவது?

அன்றிலிருந்து ஆயில் மாற்றுவது ஸ்டெல்லாவே. "ஒரு ஸ்பேனருக்கா இந்த அலப்பறை? மரை கழண்டுடுச்சா உனுக்கு?" என்றாராம் வீட்டுக்காரர்.

"எனுக்குக் கழண்டா பரவால்ல. வண்டிக்குக் கழலக் கூடாது."

எப்படி இருக்கிறது பதில்!

கடைக்காரர் முதலில் நீட்டியது கை நீளத்துக்கு ஒன்று. காருக்கு, லாரிக்குச் சரி. பைக்குக்கு வேண்டிய சின்ன அளவு அதில் கிடையவே கிடையாது. அடுத்தது, சொன்ன அளவு வந்ததும் 'டிக்' என்று சத்தம் போடும் ரகம்.

"உள்ள இன்னா கீது?"

"ஸ்பிரிங்மா."

"எங்கூரு உப்புக் காத்துல வண்டி ஸ்டாண்டு ஸ்பிரிங்கே தாங்காது. இது துரு புடிச்சி தப்பா டிக்குன்னா எனுக்கு எப்டி தெரியும்?"

கடைக்காரர் மூலையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். ஒரு கம்பி, ஒரு முள், அளவு போட்ட ஒரு பட்டை... அவ்வளவுதான். முறுக்க முறுக்க முள் பட்டையில் நகரும். விலையும் இருப்பதிலேயே குறைவு. ஸ்டெல்லா அதைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்தார். தராசு பிடித்த கை அல்லவா!

"இது தப்பு பண்ணா மூஞ்சிலயே தெரியும். இத்தையே குடுங்க."

விலை அதிகமான பொருளை நாம் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறோம். மலிவானதைத்தான் கண் திறந்து பார்க்கிறோம். எது நல்லது?

மறுநாள் ஆயில் மாற்றினார். எங்கள் பக்கம் உப்புக்குப் பயந்து எந்த போல்ட்டையும் கிரீஸில் முக்காமல் மாட்ட மாட்டோம். ஸ்டெல்லாவும் முக்கினார். முள் மெல்ல ஏறியது... எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஸ்டெல்லா, நிறுத்தும்மா! வண்டியோட புக்குல இருக்கிற அளவு காஞ்ச மரைக்கு. கிரீஸ் இருந்தா போல்ட் வழுக்கிட்டு இன்னும் உள்ள போயிடும். முள்ளு அதே அளவைக் காட்டினாலும் இறுக்கம் ஜாஸ்தி."

கை அப்படியே நின்றது.

"தொடச்சிட்டுப் போட்டா துரு புடிக்குமேண்ணா..." கொஞ்சம் யோசித்தார். "சரி, கிரீசும் இருக்கட்டும். முள்ளு கொஞ்சம் கீழயே நிக்கட்டும்."

புக்கில் இருக்கும் அளவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தினார். இன்ஜினை ஓடவிட்டு அடியில் அட்டை வைத்துப் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை. மரையும் பிழைத்தது. திங்கட்கிழமை இறால் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

இப்போது தெருவில் பைக் வைத்திருப்பவர்கள் எல்லாம் இரவல் கேட்டு வாசலில் நிற்கிறார்கள். ஸ்டெல்லா யாருக்கும் இல்லை என்று சொல்வதில்லை. ஒரே ஒரு கண்டிஷன்தான் - "ரென்ச்சு வரும், கூடவே நானும் வருவேன்!"