ஏழாம் அன்பியத்தில் ஒரு வரி

இனயம் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் வீடு வீடாக ஏறி இறங்கி ஓர் உடல்நலக் கணக்கெடுப்பு செய்திருந்தேன். மற்ற ஆய்வாளர்களுக்கும் உதவட்டும் என்று முழுக் கோப்பையும் இணையத்தில் பொதுவில் ஏற்றினேன். எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்று அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஓர் எண் காட்டும். சோறு தின்னும்போதுகூட அதைத் திறந்து பார்ப்பேன். எண் ஒன்று கூடினால் எனக்குத் தலைகால் புரியாது.

பெயர், போன் எண் எல்லாவற்றையும் நீக்கியிருந்தேன். அன்பியத்தை மட்டும் விட்டுவைத்தேன். அந்த ஊரில் கதவு எண்ணை நம்பி யாரும் வீடு தேட முடியாது. கிறிஸ்தவப் பங்குக் கோயில் ஊரை முப்பது நாற்பது குடும்பங்கள் கொண்ட குழுக்களாகப் பிரித்து எண் போட்டிருக்கும் அன்பியம்தான் விலாசம். ஆய்வுக்கும் அதுவே வசதி என்று என் மேதாவித்தனம் சொன்னது.

என்னை வீடு வீடாகக் கூட்டிப்போன அக்கா அதே ஊர்க்காரர். குழித்துறைச் சந்தையில் அவரைக் கண்டதும் பெருமை தாங்காமல் போனில் கோப்பைத் திறந்து நீட்டினேன். மரச்சீனிக் கிழங்குப் பையைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒரு வரியில் விரல் நின்றது. ஏழாம் அன்பியம், பெண், நாற்பத்தொன்று, கணவர் கப்பலில் வேலை, பிள்ளை இல்லை, மனநோய்க்கு மாத்திரை.

“இது நாந்தானே மக்கா?”

“பெயர் இல்லையே அக்கா” என்றேன்.

“ஏழாம் அன்பியத்துல கப்பலுக்குப் போனவனுக்க பொண்டாட்டி வேற யாரு இருக்கா? மாமியாருக்குத் தெரியாம அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சுத் திங்குத மாத்திரை. யாருக்கும் தெரியாதுன்னு சொன்னியே! எனக்க மாப்பிளைக்க அண்ணன் மொவனும் ஒனக்க படிப்புதான் படிக்கான்.”

பஸ்ஸில் இடம் இருந்தும் உட்கார முடியவில்லை. நின்றபடியே கோப்பை நீக்கினேன். அதற்குள் ஒன்பது பேர் இறக்கியிருந்தார்கள். யார் யார் என்று அந்தப் பக்கம் சொல்லாது. அந்தப் பையன் அதில் இருப்பானோ என்று வாரக்கணக்கில் குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்தேன். ஊரில் ஒரு பேச்சும் எழவில்லை. அது எனக்கு ஆறுதலாகவும் இல்லை.

அடுத்த சுற்றுக்கு அன்பியம் இல்லாத படிவத்தோடு போனேன். அக்கா மறுக்காமல் கூட வந்தார். கடைசி வீடு அவருடையது. மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். அரிசிப் பானை கையெட்டும் தூரத்தில் இருந்தது.

“மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?” என்று படிவத்தில் இருந்தபடியே கேட்டேன்.

அக்கா என் முகத்தை நேராகப் பார்த்தார்.

“ஒண்ணும் இல்ல சாரே.”

இல்லை என்று குறித்துக்கொண்டேன்.