பாதி வரி என்னுடையது

ஆறுமுகம் அண்ணாச்சி போய்விட்டார் என்று அவர் மகள் பாளையங்கோட்டையிலிருந்து போன் செய்தபோது நான் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "அப்பா காப்பி குடிச்சாவ, டம்ளரைக் கீழ வச்சாவ, அவ்வளவுதான் மாமா" என்றாள். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. இனி அவர் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்க மாட்டார் என்கிற நிம்மதி. சீ, நீயெல்லாம் ஒரு மனுசனா என்று என்னையே திட்டிக்கொண்டேன். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

அவரைப் பேராசிரியராக மட்டும் அறிந்தவர்களே நம்மில் அதிகம். இயந்திரத்துக்கு யோசிக்கக் கற்றுத்தர முடியுமா என்று கேட்டாலே சிரிக்கிற காலத்தில், எழுபதுகளில், பம்பாயில் ஓர் அறையை அடைத்துக்கொண்டு நின்ற கம்ப்யூட்டரின் முன்னால், கட்டளைகளைத் துளைகளாகப் போட்ட அட்டைகளோடு உட்கார்ந்திருந்தவர் அவர். அதைச் சதுரங்கம் ஆட வைத்தார். சின்ன வாக்கியங்களைப் பிரித்துப் பொருள் சொல்ல வைத்தார். பிறகு, இதெல்லாம் நடக்கிற காரியமில்லை என்று மேலிடம் கையை விரித்துவிட்டது. மனிதர் ஒரு டிரங்குப் பெட்டி நிறையத் தாள்களோடு ஊர் வந்து சேர்ந்தார். எங்கள் கல்லூரியில் அவர் கம்ப்யூட்டர், நான் கணக்கு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வீட்டு மாடியில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்தார். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, பக்கத்தில் ஒரு பிரிண்டர். தமிழ் எழுத்துகளைப் புள்ளி புள்ளியாக அவரே வரைந்து ஏற்றினார். நாம் எதைத் தட்டினாலும் அது பதிலுக்கு ஒன்று கேட்கும். 'மனசு சரியில்லை' என்றால், 'எப்போதிலிருந்து சரியில்லை?' என்று கேட்கும். தெருவில் சேதி பரவி, ஆட்கள் வெற்றிலை பாக்கோடு வரத் தொடங்கினார்கள். மாடிப்படியில் செருப்பைக் கழற்றுவார்கள். அண்ணாச்சிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "இது என்ன குறி சொல்லுத இடமா? செருப்பைப் போட்டுட்டு ஏறும் வே!" என்று கத்துவார். "அதுக்கு ஒண்ணும் தெரியாது. தெரியலைங்கிறதும் தெரியாது" என்பதுதான் அவர் எல்லோரிடமும் சொன்னது.

அந்த இயந்திரம் பாடப்புத்தகத் தமிழ் பேசியது எனக்குப் பொறுக்கவில்லை. அவர் வெளியூர் போயிருந்த ஒருநாள் குறும்பாக ஒரு வரியைச் செருகினேன். யாராவது 'எப்ப வருவாவ' என்று கேட்டால், 'பைய வருவாவ', மெதுவாக வருவார், என்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரியைக் கூட்டிவந்து, என்னைப் பற்றி அவளைக் கேட்கவைத்துச் சிரிக்கலாம் என்று ஆசை. அவள் வரவே இல்லை. நானும் மறந்துவிட்டேன்.

உடன்குடியிலிருந்து இசக்கியம்மாள் வந்தது அடுத்த மாதம். புருசன் துபாய் போய் ஆறு வருசம். கடைசி நாலு வருசமாகக் கடிதம் இல்லை, ஆள் இருக்கிற சேதியும் இல்லை. காரியம் செய்து முடித்துவிடலாம் என்று கொழுந்தன் நாள் குறித்துவிட்டான். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் தாலியைக் கழற்ற வேண்டும். அண்ணாச்சி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "ஒரே ஒரு கேள்வி சார், கேட்டுட்டுப் போயிருதேன்" என்று அழுதாள். சரி, என்னத்தையாவது திருப்பிக் கேட்கும், அவளும் சமாதானமாகப் போகட்டும் என்று நினைத்தார். அவள் சொன்னதை நான்தான் தட்டினேன்: 'எங்க வீட்டு ஆளு எப்ப வருவாவ?'

தட்டி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் பிரிண்டர் கறகறவென்று ஓடி நின்றது. தாளில் இருந்தது இது: 'பைய வருவாவ. வாசல் மாறிப்போச்சுல்லா.'

இசக்கியம்மாள் அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். புருசன் துபாய் போன பிறகு வாடகை வீட்டைக் காலிசெய்து அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாளாம். "நான் வீடு மாறினதை உங்ககிட்ட சொல்லவே இல்லியே சார்" என்றாள். அண்ணாச்சி அவளைப் பஸ் ஏற்றிவிடப் போனார். நான் கோப்பைத் திறந்து என் வரியை அழித்தேன். அதில் நான் எழுதிய இரண்டு சொல்தான் இருந்தது. மற்ற இரண்டு சொல் எங்குமே இல்லை. மேலும் கீழும் மூன்று முறை தேடினேன்.

அவள் தாலியைக் கழற்றவில்லை. கொழுந்தனோடு சண்டை போட்டு, அந்தப் பழைய வீட்டையே மறுபடி வாடகைக்கு எடுத்தாள். அந்த இயந்திரத்துக்கு ஒன்றும் தெரியாது என்ற உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அண்ணாச்சி உடன்குடி போனார். அவள் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு வந்துவிட்டார். "வாசல்ல தண்ணி தெளிச்சிக் கோலம் போட்டு வச்சிருக்கா வே. எந்த வாயால சொல்ல?" என்றார்.

அதன் பிறகு அவர் வேறு எந்த ஆராய்ச்சியும் செய்யவில்லை. அந்த ஒரே கேள்வியை எத்தனை தடவை தட்டியிருப்பாரோ! ஒருமுறைகூட அந்தப் பதில் வரவில்லை. குறுக்குத்துறை ஆற்றில் குளிக்கும்போது கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு கேட்பார்: "அந்த வரி எங்கேருந்து வே வந்துச்சு? நீரு கணக்கு வாத்தியாரு, சொல்லும்." தெரியலையே அண்ணாச்சி என்பேன். ஆறு வருசம் இதைத்தான் சொன்னேன். பாதி பொய், பாதி நிசம். அதுக்கு ஒண்ணும் தெரியாது என்று இத்தனை வருசம் நம்பியது தப்போ என்று அந்த மனிதர் மெலிந்துகொண்டே போனதைப் பார்த்தும், என் பாதியைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தப் பாதியைச் சொன்னால் மறுபாதியையும் பேசியாக வேண்டும். அதை நினைத்தாலே எனக்குப் பயம்.

அண்ணாச்சியின் பதினாறாம் நாள் காரியமான அடியந்திரத்துக்கு இசக்கியம்மாள் வந்திருந்தாள். முன்நெற்றி முடி நரைத்திருந்தது. தாலி கழுத்தில் கிடந்தது. இனியும் மறைத்தால் நான் மனுசனே இல்லை என்று, தனியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். 'பைய வருவாவ' நான் விளையாட்டுக்கு எழுதியதம்மா, என்னை மன்னித்துவிடு என்றேன். அழுவாள், மண்ணைவாரித் தூற்றுவாள் என்று நின்றேன்.

அவள் என்னைப் பாவம் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "கோயில்ல சாமிகிட்ட உத்தரவு கேட்டுப் பூக்கட்டிப் போட்டா ஒரு சின்னப் புள்ளைதான் பொட்டலத்தை எடுத்துக் குடுக்கும். அந்தப் புள்ளைக்கு என்ன தெரியும் சார்? இருட்டுறதுக்குள்ள நான் போகணும். வாசல் பூட்டிக் கெடக்கு."

அவள் பஸ்ஸுக்கு நடந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணாச்சி, என் இரண்டு சொல்லை உம்மிடம் ஒப்புக்கொண்டிருந்தால், மற்ற இரண்டு சொல்லின் பயத்தை நாம் ஆளுக்குப் பாதியாகச் சுமந்திருப்போம். உம்மைத் தனியாகச் சுமக்க விட்டுவிட்டேன். உம்முடைய கம்ப்யூட்டரை இப்போது என் வீட்டில் வைத்திருக்கிறேன். தினமும் அந்தக் கேள்வியைத் தட்டுகிறேன். என்ன பதில் வந்தாலும், அதைக் கேட்க நீர் இல்லை.