திரையில் உறைந்த ஊர்

பசிபிக் தீவு நாடுகளின் தகவல் தொழில்நுட்ப மாநாட்டில் பேச எனக்கு அழைப்பு வந்த வாரத்தில்தான் அந்த ஊரில் காய்ச்சல் தொடங்கியது. இரண்டையும் அப்போது நான் சேர்த்துப் பார்க்கவில்லை. சேர்த்துப் பார்க்கக் காரணமும் இல்லை.

மதுரையில் ஒரு சிறிய நிறுவனத்தில் பொறியாளராக இருந்தேன். செக்கானூரணிக்கு மேற்கே இருக்கும் ஊர்களுக்குக் கம்பியில்லா முறையில் இணையம் கொண்டுபோவது எங்கள் வேலை. ஊருக்கு ஒரு வீட்டைப் பிடித்து, மொட்டைமாடியில் உயரமான இரும்புக் கம்பம் நட்டு, உச்சியில் ஆன்டெனா கட்டி, முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரும் கேமராவும் வைப்போம். அந்த வீட்டில் படித்த பெண் இருந்தால் அவளே மையத்தை நடத்துவாள். பரீட்சை முடிவு பார்க்க, துபாயில் இருக்கும் மகனின் முகம் பார்த்துப் பேச, கண்ணைக் கேமராவில் காட்டி மதுரை டாக்டரிடம் யோசனை கேட்க என்று ஆட்கள் வருவார்கள். நான் சொல்லப்போகும் ஊரில் மையத்தை நடத்தியவள் பி.காம். படித்துவிட்டு அங்கே வாழ்க்கைப்பட்டவள். கலகலவென்று பேசுவாள். கணவன் கப்பலூர்த் தொழிற்சாலைகளுக்கு லோடு வண்டி ஓட்டினான். மாநாட்டு மேடையிலிருந்து அவளுடைய மையத்தை நேரலையில் காட்டுவதாக நான் எழுதிக் கொடுத்திருந்தேன். அழைப்பு வந்ததே அதனால்தான்.

அந்த ஆண்டு மாநிலம் முழுக்கப் பரவிய மூட்டுக் காய்ச்சல் அது. சிக்குன்குனியா என்ற பெயர் பிறகுதான் எல்லார் வாயிலும் புழங்கியது. கிளம்புவதற்கு முன் இணைப்பைச் சோதிக்கப் போனபோது, பஸ் நிறுத்தத்திலிருந்து அவள் வீடு வரைக்கும் நிமிர்ந்து நடந்த ஒரு ஆளைக்கூட நான் பார்க்கவில்லை. பெண்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார்கள். டீக்கடையில் கிளாஸைப் பிடிக்க விரல் மடங்காமல் ஒருவர் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

அவளுடைய சின்ன மாமனார், கணவனுக்குச் சித்தப்பா, வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முட்டி இரண்டும் வீங்கியிருந்தன. கம்பத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் கேட்டார்.

"இத நட்டதுக்குப் பெறகுதானே தாயி இம்புட்டும்?"

"இதுக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தமே இல்லங்கய்யா."

"அப்பிடியா? ஒரு காக்கா அதுல உக்காந்து பாத்திருக்கியா நீயி?"

நானும் அண்ணாந்து பார்த்தேன். பக்கத்துப் புளியமரம் நிறையக் காக்கை. கம்பத்தில் ஒன்றுகூட இல்லை. அவர் கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

உள்ளே அவள் சிரித்தாள். "சின்ன மாமா அப்பிடித்தேன் பேசுவாரு. நீங்க போய்ட்டு வாங்கக்கா. வெளிநாட்டுக்காரங்களுக்கு நம்ம ஊரக் காட்டிப்புடுவோம்."

மாநாடு பிஜித் தீவில், சுவா நகரத்தில். சென்னை, சிங்கப்பூர், சிட்னி என்று மாறி மாறிப் போய் இறங்கியபோது மழை பெய்துகொண்டிருந்தது. நான் இருந்த நாட்களில் அது விட்டதாகவே நினைவில்லை. கடைவீதியில் குஜராத்தி வியாபாரிகள் தங்களுக்குள் பேசியது எனக்குப் பாதி புரிந்தது. எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். அவ்வளவு தூரத்தில் அந்தப் பாதிப் பேச்சு ஆறுதலாக இருப்பதற்குப் பதில், யாரோ என்னைப் பற்றி அடுத்த அறையில் பேசுவதுபோல இருந்தது.

வந்திருந்தவர்கள் நல்லவர்கள். சின்னச் சின்னத் தீவுகளிலிருந்து வந்த அதிகாரிகள், ஆசிரியர்கள். எங்கோ கடலுக்கு நடுவில் இருக்கும் ஊர்களுக்கு இணைப்பை எப்படிக் கொண்டுபோவது என்பது அவர்கள் கவலை. வறண்ட எங்கள் ஊர்களில் அது நடந்திருக்கிறது என்பதால் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

பேசவேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் அவளைக் கூப்பிட்டேன். வழக்கமான குரல் இல்லை.

"எதுத்த தெருவுல பாப்பா ஒண்ணு செத்துப்போச்சுக்கா. காய்ச்சல்தேன்."

"அப்ப நாளைக்கு வேணாம். நான் போட்டோவ மட்டும் காட்டி முடிச்சிக்கிறேன்" என்றேன்.

"இல்லக்கா, நாளைக்கு வச்சே ஆகணும். இந்தக் காய்ச்சலு என்னன்னு அங்க யாருக்காச்சும் தெரியுமான்னு கேக்கணும். இங்க ஒருத்தரும் வந்து எட்டிப் பாக்கல."

"வீட்ல அவரு இருக்காரா?"

"கப்பலூரு போயிருக்காரு. நாளைக்கி வந்துருவாரு." பிறகு, "வாசல்ல யாரும் எங்கூடப் பேசமாட்டேங்குறாங்கக்கா" என்றாள்.

மறுநாள் அங்கே பிற்பகல், நம் ஊரில் காலை. நான் பேசவேண்டியதைப் பேசி முடித்தேன். பெரிய திரையில் அவள் முகம் வந்ததும் அரங்கம் கைதட்டியது. பழகி வைத்திருந்த ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னாள். அவளுக்குப் பின்னால் தெருவாசல் தெரிந்தது. அந்தக் காலத்து இணைப்பில் படம் ஓடாது, விட்டு விட்டு மாறும். ஒருமுறை மாறியபோது வாசலில் இரண்டு பேர். அடுத்த முறை வாசலே தெரியவில்லை, அத்தனை ஆட்கள். தலைமை தாங்கியவர் பூரித்துப்போனார். ஊர் மக்கள் இவ்வளவு ஆர்வமாகக் கூடியிருக்கிறார்களே என்று மைக்கில் சொன்னார். முன்வரிசையில் சிலர் திரையைப் பார்த்துக் கையசைத்தார்கள். திரையில் யாரும் கையசைக்கவில்லை.

முன்னால் நின்றவரின் தோளில் வடக்கயிறு சுற்றியிருந்தது.

"அக்கா, வந்துட்டாங்க" என்றாள் தமிழில். "கயிறு கொண்டாந்திருக்காங்க. பயமா இருக்குக்கா."

"எந்திரிச்சு வெளிய போயிரு" என்றேன். "மிஷின் போனாப் போகுது. நீ முதல்ல வெளிய போ."

அரங்கத்தில் யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. மொழிபெயர்க்கச் சொல்லி என்னைப் பார்த்தார்கள். கம்பத்தைச் சாய்க்க வந்திருக்கிறார்கள், அந்தப் பெண் ஆபத்தில் இருக்கிறாள் என்றேன். நகைச்சுவை என்று நினைத்து ஓரிருவர் சிரித்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

சின்ன மாமனாரின் குரல் கேட்டது. "வெளிய வா தாயி. உன்னய ஒண்ணுஞ் செய்யமாட்டோம். நீ வெளிய மட்டும் வந்துரு."

அவள் எழுந்தாள். வெளியே போகவில்லை. நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டாள். "மாமா, இதுல டாக்டருங்க இருக்காக. பெரிய பெரிய ஆளுக இருக்காக. நீங்களே கேளுங்க மாமா. கேட்டுட்டு என்னமும் செய்யுங்க."

அடுத்து மாறிய படத்தில் அவர் முகம் சுவரளவுக்கு வந்துவிட்டது. நான்கு நாள் தாடி, கலங்கிய கண். கேமராவை எங்கே பார்ப்பதென்று தெரியாமல் கீழே பார்த்தபடி கேட்டார். "அய்யா, எங்க பிள்ளைகளுக்கு என்னய்யா செய்யிது?"

அந்தச் சொல்லோடு இணைப்பு நின்றது. மாடிக்குப் போனவர்கள் அதற்குள் கம்பத்தின் கட்டுக் கம்பிகளை அவிழ்த்துவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. குரல் அறுந்துபோனது. படம் மட்டும் அப்படியே உறைந்து நின்றது. பாதி திறந்த வாய். யாரும் அதை அணைக்கவில்லை. எனக்கும் அணைக்கவேண்டும் என்று தோன்றவில்லை. முந்நூறு பேர் இருந்த கூடத்தில் கூரையில் விழும் மழைச்சத்தம் மட்டும் கேட்டது.

மாநாட்டு அலுவலகத்தின் தொலைபேசியில் அவள் கணவனைப் பிடிக்க முயன்றேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பல தடவைக்குப் பிறகு எடுத்தான். "பாதி வழியில போய்க்கிட்டிருக்கேங்க்கா. ஊர்லருந்து போனு வந்துச்சு" என்றான். "அவளுக்கு என்னாச்சுன்னு யாரும் சொல்லமாட்டேங்குறாக." அவளை யாரும் தொடவில்லை என்ற செய்தி வருவதற்குள் சுவாவில் இருட்டிவிட்டது. அதுவரை நான் அந்த மேசையை விட்டு எழவில்லை.

அப்படிக் காத்திருந்தபோது ஒரு தீவிலிருந்து வந்திருந்த சுகாதார அதிகாரி, வயதான அம்மாள், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்தப் பெரியவர் கேட்டது என்ன என்று விசாரித்தார். சொன்னேன். பிறகு ஒன்றுதான் கேட்டார். அந்த ஊரில் தண்ணீரை மூடாமல் வைத்திருப்பார்களா?

ஒவ்வொரு வாசலிலும் நிற்கும் நீல டிரம்கள் என் கண்ணுக்குள் வந்தன. குழாயில் எப்போதாவதுதான் தண்ணீர் வரும். வரும்போது பிடித்து வைத்தால்தான் உண்டு. அதைச் சொன்னதும் அவர் தலையை ஆட்டினார். எங்கள் தீவுகளிலும் இந்த மாதிரிக் காய்ச்சல்கள் வரும், நல்ல தண்ணீரில் வளரும் கொசு, பகலில் கடிக்கும், மூடி வைக்கச் சொல்லுங்கள் என்றார். அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்குப் பதில் அந்தக் கூடத்தில்தான் இருந்தது. சில நிமிடம் பிந்திவிட்டது.

மதுரையில் இறங்கிய மறுநாளே ஊருக்குப் போனேன். கம்பம் பக்கத்து மாட்டுக்கொட்டகையின் மேல் விழுந்து, ஓடுகளை உடைத்துக்கொண்டு சந்தில் குறுக்கே கிடந்தது. ஆட்கள் அதைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். அவளுக்கும் காய்ச்சல் வந்திருந்தது. கையைக் கழுத்துக்கு மேல் தூக்க முடியவில்லை. அப்படியும் என்னோடு வீடு வீடாக வந்தாள். டிரம்மை மூடுங்க, கழுவிக் கவுத்துங்க என்று சொன்னோம். யாரும் விரட்டவில்லை. மோர் கொடுத்தார்கள். சின்ன மாமனார் எங்கள் எதிரிலேயே தன் வீட்டு டிரம்மை ஒரு தகரத்தால் மூடினார். எங்களைத் திருப்திப்படுத்த மூடினார் என்பது எனக்குத் தெரிந்தது. போலீசுக்குப் போகவேண்டாம் என்று அவளே எங்கள் நிறுவனத்தாரிடம் சொல்லிவிட்டாள். அவர்களும் மையத்தை மூடிவிட்டு அடுத்த ஊருக்குப் போனார்கள்.

சில வாரங்களில் காய்ச்சல் அடங்கியது. சுகாதாரத் துறையினர் வந்து புகை அடித்தார்கள், மழையும் தள்ளிப்போனது. எதனால் அடங்கியது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஊர் உறுதியாகச் சொன்னது. டவரைச் சாய்த்தோம், காய்ச்சல் போய்விட்டது. பக்கத்து ஊர்கள் இரண்டிலும் அதைக் கேள்விப்பட்டுக் கம்பத்தைச் சாய்த்தார்கள்.

அடுத்த ஆண்டு ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் கைக்குழந்தை. வீட்டு விஷயம் எல்லாம் பேசிவிட்டு, ஊரில் இன்னும் அதையேதான் சொல்கிறார்களா என்று கேட்டேன்.

"நானும் அப்பிடித்தேன் சொல்றேன்க்கா. அங்கதான இருந்தாகணும்."

"நம்பாமத்தானே சொல்ற?"

அவள் குழந்தையின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பழக்கமாகிவிட்டது போலிருக்கிறது.

"பகல்ல நம்பமாட்டேன்க்கா. ராத்திரில இவனுக்கு மேலு சுட்டுச்சுன்னா, நல்லவேள அத இழுத்துப் போட்டாகன்னு தோணுது."

உசிலம்பட்டி வண்டி வந்து நின்றது. "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டு, கூட்டத்தில் முண்டி ஏறினாள்.